அடுத்தவன் கழற்ற வேண்டிய போல்ட்

ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் கொடுக்கிற வேலை ஆயில் மாற்றுவது. என்ஜினுக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் கருத்துப்போன ஆயில் இறங்கும். வடிந்த பிறகு போல்ட்டைப் பூட்டி, மேலே புது ஆயிலை ஊற்றினால் முடிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரும் இதைப் பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்து வருகிறார். ஆனால் என் தொழிலில் காலைப்பொழுது முழுவதையும் அப்படியே விழுங்கிய வேலைகளை வரிசைப்படுத்தினால், என்ஜின் இறக்கிய நாட்களுக்குப் பக்கத்திலேயே இந்த ட்ரெயின் போல்ட்டும் வந்து நிற்கும்.

என் கடை தூத்துக்குடியில், முத்தையாபுரம் போகிற வழியில் இருக்கிறது. பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். இடையிடையே பழைய மாருதி, மீன் ஏற்றும் குட்டியானை. உப்பளத்துக்குப் போய்வருகிற வண்டிகள் எங்களுக்கு நிரந்தர வாடிக்கை. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில். வேப்பலோடை, தருவைகுளம், ஆறுமுகநேரி என்று எந்தப் பக்கம் போனாலும் பாத்தியை ஒட்டிய மண்பாதைதான். அந்த மண்ணும் உப்பும் கலந்த சகதி என்ஜினுக்கு அடியில் அப்பி, வெயிலில் காய்ந்து, ஓடு மாதிரி நிற்கும். ஐப்பசி மழை தொடங்கி உப்பு வாருவது நின்ற பிறகுதான் பலருக்கு வண்டியைக் கடைக்குக் கொண்டுவர நேரம் கிடைக்கும்.

அதனால் இங்கே எது இறுகினாலும் பழி உப்பின் மேல்தான். "உப்புக்காத்து அண்ணாச்சி, அதான் பிடிச்சுக்கிட்டு" என்று வண்டிக்காரரே காரணம் சொல்லிவிடுவார். அதில் பாதி உண்மை. போல்ட் இரும்பு, பைக் என்ஜினின் கூடு அலுமினியம். இரண்டும் தொடுகிற இடத்தில் உப்புநீர் தேங்கினால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். போல்ட் தலையைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி பூத்திருந்தால் அது அந்த அரிப்புதான். இரும்புத் தலையும் துருப்பிடித்து, ஆறு முனையும் தேய்ந்து, ஸ்பேனருக்குப் பிடி கொடுக்காது.

மீதிப் பாதியை உப்பின் மேல் போட முடியாது. ட்ரெயின் போல்ட்டின் மரை எப்போதும் ஆயிலில் ஊறிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு முரண்டு பிடித்த போல்ட்டாக இருந்தாலும், கழன்று கையில் வந்தபின் துடைத்துப் பார்த்தால் மரை பளபளவென்று இருக்கும். துரு ஏறியது வெளியே தெரிகிற தலையில் மட்டும். அப்படியானால் உள்ளே அதைப் பிடித்துவைத்திருந்தது எது? கடைசியாகப் பூட்டியவரின் கைதான்.

ஏன் அப்படி இறுக்குகிறார்கள் என்பதை நான் இந்தத் தொழிலின் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். போல்ட்டைத் தளர்வாகப் பூட்டி அது வழியில் கழன்று விழுந்தால், ஆயில் முழுவதும் கொட்டி என்ஜின் ஜாம் ஆகும். அந்தப் பழி பூட்டியவன் தலையில் அன்றைக்கே விழும். ஒரு துளி கசிந்தால்கூட மறுநாள் காலையில் வீட்டு வாசலில் கறை தெரியும். வண்டிக்காரர் கடை வாசலில் நிற்பார். ஆனால் தேவைக்கு மேல் இறுக்கினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அது மாதக்கணக்கில் ஓடி, அடுத்த ஆயில் மாற்றத்தில் வேறொருவன் கையில் மரையோடு பிய்ந்து வரும்போது, "நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டானே" என்ற பேச்சு அந்த வேறொருவனுக்குத்தான். தளர்ந்தால் பழி எனக்கு, இறுகினால் பழி அடுத்தவனுக்கு. இந்தக் கணக்கு வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. ஆனால் கடைசியில் ஸ்பேனரை இன்னொரு இழுப்பு இழுக்கிற ஒவ்வொரு கையிலும் அது இருக்கிறது.

அந்த இழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் ட்ரெயின் போல்ட் 12 மில்லிமீட்டர் மரை, 17 மில்லிமீட்டர் தலை. அதற்குத் தேவையான இறுக்கம் சுமார் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 15 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 30 வந்துவிடும். ஒரு கையால், உடம்பைச் சாய்க்காமல், ஒரே சீராக இழுத்தால் போதும். அதே 15 கிலோ விசையை 60 சென்டிமீட்டர் பைப்பைச் சொருகிக் கொடுத்தால் அது 90. அலுமினிய மரை அதைத் தாங்காமல் அப்போதே உதிரத் தொடங்கலாம். தாங்கினாலும் அடுத்த முறை உதிரும்.

இன்னொரு காரணம் வாஷர். போல்ட் தலைக்கும் கூட்டுக்கும் நடுவே செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு வளையம் இருக்கும். ஆயிலை நிறுத்துவது அதுதான், மரை இல்லை. மெத்தென்ற உலோகமானதால் பூட்டும்போது நசுங்கி, இரண்டு முகத்தின் மேடுபள்ளத்தையும் நிரப்பிவிடும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை அந்த அளவுக்கு நசுங்காது. பழைய வாஷரையே திரும்பப் போட்டால் கசியும், கசிந்தால் இறுக்குவார்கள், அடுத்த முறை இன்னும் கொஞ்சம். சில்லறைக் காசில் கிடைக்கிற வாஷருக்காக நூற்றுக்கணக்கில் விலையுள்ள வேலை உண்டாவது இப்படித்தான். இரண்டு மூன்று வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்த போல்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன். பழையது கூட்டில் ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதிதைப் போட்டிருப்பார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணாச்சியிடம் இதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஸ்பேனரைத் தொடவிட மாட்டார். முதலில் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும். போல்ட் தலையின் ஆறு பக்கமும் தெரிகிறவரை தேய்க்க வேண்டும். சகதி ஓட்டின் மேல் ஸ்பேனரை வைத்தால் அது முழு ஆழத்துக்கு உட்காராது. பாதி உட்கார்ந்த ஸ்பேனர் நழுவும்போது தலையின் முனையைச் சீவிக்கொண்டுதான் போகும்.

அடுத்தது திசை. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் ட்ரெயின் போல்ட் கெடுவதில் பெரும்பங்கு இங்கேதான். ஒருநாள் புதுப்பையன் ஒருவன் வண்டியின் பக்கவாட்டில் குத்தவைத்து, கையை அடியில் விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏலே, போல்ட்டு எந்தப் பக்கம் பாக்குது?"

"தரையப் பாக்குது அண்ணாச்சி."

"நீ எங்கேயிருந்து பாக்குதே?"

"மேலேயிருந்து."

"அப்போ உனக்கு இடதுன்னா அதுக்கு வலதுலே. கீழ படுத்து அது மூஞ்சியப் பாரு. பாத்துட்டு அப்புறம் சுத்து."

தலைக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால் கழலும். மேலிருந்து கையை விட்டால் மூளை திசையை மாற்றிவிடும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவார்கள். வரவில்லை என்று பைப்பைச் சொருகுவார்கள். அதன்பிறகு நடப்பது தெரிந்ததே. அந்தக் கடையில் சாக்பீஸால் கூட்டின் அடியில் ஒரு வளைந்த அம்புக்குறி போட்ட பிறகுதான் எந்தப் பையனும் ஸ்பேனர் எடுக்கலாம். என் கடையில் இன்றும் அதே விதிதான்.

கார்களில் இன்னொரு கவனமும் வேண்டும். முன்சக்கர இழுவை வண்டிகளில் என்ஜினுக்குப் பக்கத்திலேயே கியர்பாக்ஸ். அதற்கும் அடியில் ஒரு ட்ரெயின் போல்ட். அதைக் கழற்றிக் கியர் ஆயிலை வடித்துவிட்டு, நிறைந்திருக்கிற என்ஜினிலேயே மேலும் ஆயில் ஊற்றியவர்கள் உண்டு. எது என்ஜின் ஆயில் நிற்கிற சேம்பர் என்று கையால் தடவி உறுதிசெய்துகொண்டுதான் தொடங்க வேண்டும். ஜாக்கி மேல் மட்டும் நிற்கிற காருக்கு அடியில் போவது தற்கொலைக்குச் சமம். இறுகிய போல்ட்டைப் பலமாக இழுக்கும்போது கார் முழுவதும் ஆடும். ஸ்டாண்ட் கட்டை வைக்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

பிடிக்கிற கருவியில்தான் பாதி வெற்றி. ரிங் ஸ்பேனரில் உள்ளே பன்னிரண்டு முனை இருக்கும்; அது தலையின் மூலைகளைத் தொட்டுப் பிடிக்கிறது. ஆறு முனை சாக்கெட் பக்கங்களோடு ஒட்டி உட்காரும். நல்ல தலைக்கு இரண்டும் ஒன்றுதான். தேய்ந்த தலைக்கு ஆறு முனை மட்டுமே உதவும். அளவும் சரியாக இருக்க வேண்டும். அம்பாசிடர் காலத்திலிருந்து கடை நடத்துகிறவர்களின் பெட்டியில் இன்ச் ஸ்பேனர்கள் கலந்து கிடக்கும். முக்கால் இன்ச் என்பது 19.05 மில்லிமீட்டர், 19-க்கு அப்படியே உட்காரும். ஆனால் பதினொன்றின் கீழ் பதினாறு இன்ச் என்பது 17.46. 17 மில்லிமீட்டர் தலையில் அதுவும் உட்காரும். அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உட்காரும். ஒரு இழுப்பில் தலை உருண்டையாகிவிடும்.

சாக்கெட்டை முழுதாக உட்காரவைத்து, ராட்செட்டை ஒதுக்கிவிட்டு நீளமான பவர் பாரைப் போட்டு, அசையாமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். விட்டுவிட்டு வெட்டி இழுத்தால் நழுவும். அதற்கும் வரவில்லையென்றால் தலையின் நடுவில் தட்டையான பஞ்ச்சை நேராக வைத்துச் சுத்தியலால் அளவாக இரண்டு மூன்று தட்டு. வாஷர் இரண்டு முகத்தோடும் ஒட்டிப்போயிருப்பதை அந்த அதிர்ச்சி விடுவிக்கும். பிறகு ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டு, கழற்றும் பக்கம் இழுத்தால் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். அதன்பின் விரலாலேயே கழற்றலாம்.

துரு இளக்குகிற ஸ்பிரேயை எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது தலையைச் சுற்றியிருக்கிற துருவுக்கும் வெள்ளைப் பூப்புக்கும் உதவும். இரவு அடித்து வைத்தால் காலையில் கொஞ்சம் இளகியிருக்கும். மரையில் ஏற்கெனவே ஆயில் இருப்பதால் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கைபொறுக்கும் சூட்டில் கழற்றுவது நல்லது. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 60 டிகிரி கூடினால் அந்த 12 மில்லிமீட்டர் துளைக்கும் போல்ட்டுக்கும் உண்டாகிற வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தாலும் கையில் தெரிகிறது. ஆயிலும் அழுக்கோடு சேர்ந்து சீக்கிரம் இறங்கும். கொதிக்கக் கொதிக்க மட்டும் வேண்டாம். போல்ட் திடீரென்று விடும்போது ஆயில் முதலில் விழுவது மணிக்கட்டில்தான். கேஸ் ஸ்டவ் தீயைக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளரும் உண்டு. ஆயிலும் பெட்ரோலும் உள்ள வண்டிக்கு அடியில் தீயைக் கொண்டுபோகிற வேலையை நான் செய்வதில்லை.

இனித் தலை உருண்டையாகி வந்த வண்டிகள். மீன் ஏற்றுகிற குட்டியானை ஒன்று அப்படி வந்தது. பெட்டியிலிருந்து ஐஸும் உப்புநீரும் சொட்டிச் சொட்டி அடிப்பாகம் முழுவதும் துரு. போல்ட் தலை பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. அதற்கு முன்பே இரண்டு கைகள் முயன்று பார்த்த அடையாளம், பைப் ரெஞ்சின் பல்தடம், அதன்மேல் இருந்தது. விடியற்காலை ஏலத்துக்குப் போக வேண்டிய வண்டி. டிரைவர் நடையாய் நடந்தார்.

"ஒரு நட்டுக்கா அண்ணாச்சி இவ்ளோ நேரம்?"

"நட்டு இருந்தா நேரமாகாது அண்ணாச்சி. தலையே இல்லையே."

இந்த நிலையில் படிப்படியாகத்தான் போக வேண்டும். முதலில் ஒரு அளவு சின்ன ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றிப் பார்ப்பேன். நிற்கவில்லையென்றால் தலையில் எதிரெதிராக இரண்டு பக்கத்தை அரத்தால் தட்டையாக்கி, கிரிப் பிளையரைப் பூட்டி இறுக்குவேன். அதற்கும் மசியாவிட்டால் உளி. கூர்மையான உளியைத் தலையின் ஓரத்தில் செங்குத்தாக வைத்து ஒரு பள்ளம் வெட்டி, பிறகு உளியைக் கழற்றும் திசைக்குச் சாய்த்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் சுழற்றலும் அதிர்ச்சியும் சேர்ந்தே கிடைப்பதால், எந்தச் சாக்கெட்டும் பிடிக்காததை உளி பெயர்த்துவிடும். அந்தக் குட்டியானை உளிக்குத்தான் வழிவிட்டது. தலைமேல் நட்டை வைத்து வெல்டிங் செய்து கழற்றுகிற வழியும் இருக்கிறது. ஆனால் ஆயில் உள்ளே இருக்கும்போது செய்யவே கூடாது. டிப்ஸ்டிக் துளை வழியாகக் குழாய் விட்டு ஆயிலை உறிஞ்சி எடுத்தாலும் ஆவி நிற்கும். அதனால் தகட்டுச் சேம்பர் உள்ள கார்களில் ஆயிலை உறிஞ்சிவிட்டு, சேம்பரையே இறக்கி, கழுவி, மேசைமேல் வைத்து வேலை பார்ப்பதுதான் எனக்குச் சரி. பைக்கில் அந்த வசதி இல்லை. அங்கே போல்ட் உட்கார்ந்திருப்பது என்ஜின் கூட்டிலேயே.

சில வண்டிகளில் போல்ட் வந்துவிடும், மரையும் கூடவே சுருள்சுருளாக வரும். அதுதான் பெரிய செலவு. இந்த நிலையில் பலர் செய்வது எம்-சீல் வைத்து அடைப்பதும், டெஃப்லான் டேப் சுற்றுவதும். எம்-சீல் வைத்துப் பூட்டிய ஒரு ஸ்பிளெண்டர் என்னிடம் வந்தபோது, அதன் சொந்தக்காரர் ஆயிலே மாற்றாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டிருந்தார். கழற்றினால் திரும்பப் பூட்ட முடியாது என்று முந்தைய கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆயில் தாரைப்போலக் கெட்டியாகியிருந்தது. மரை போனதற்குச் சரியான வழி, துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, எஃகுக் கம்பிச்சுருளை உள்ளே ஏற்றுவது. ஹெலிகாயில் என்பார்கள். பழைய அளவுப் போல்ட்டே திரும்ப உட்காரும். எஃகு மரையானதால் முன்பைவிட உறுதி. அடுத்த அளவு போல்ட்டுக்கு மரை வெட்டுவது மலிவு, ஆனால் சுற்றியிருக்கிற அலுமினியத்தின் தடிமன் குறையும். எதைச் செய்தாலும் மரை வெட்டுகிற டேப் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் பின்னால் திருப்பி, வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். உலோகத்தூள் உள்ளே தங்கினால் பேரிங்குக்குப் போகும். கடைசியில் கொஞ்சம் மலிவு ஆயிலை மேலே ஊற்றி, போல்ட் இல்லாமலேயே வழியவிட்டுக் கழுவிவிடுவேன்.

இவ்வளவையும்விடக் கடினமானது வாடிக்கையாளரிடம் பேசுவது. ஆயில் மாற்ற வந்தவரிடம் மரை போய்விட்டது, இத்தனை ரூபாய் ஆகும் என்றால் அவர் என்னைத்தான் சந்தேகிப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான். அதனால் ஸ்பேனரை வைப்பதற்கு முன் போல்ட் தலையைப் போனில் படமெடுத்து அவரிடம் காட்டுகிறேன். முனை தேய்ந்திருக்கிறதா, பல்தடம் இருக்கிறதா, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். வராமல் போனால் என்னென்ன வழி, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்று அப்போதே சொல்லிவிடுவேன். சிலர் "வேண்டாம், அப்படியே விடுங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போவதும் உண்டு. அந்த வருமானம் போனாலும் பரவாயில்லை. முன்பே சொன்ன செலவைப் பெரும்பாலானவர்கள் கொடுக்கிறார்கள். பின்னால் சொன்ன செலவுக்குத்தான் சண்டை வருகிறது.

பூட்டுகிற வேலையை இப்போது பையன்களிடம் விட்டாலும் பக்கத்தில் நிற்பேன். போல்ட்டை முதலில் விரலால் மட்டும் ஏற்ற வேண்டும். கடைசிவரை விரலால் போகவில்லையென்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். புது வாஷர். பிறகு டார்க் ரெஞ்ச், கம்பெனி மேனுவலில் உள்ள அளவுக்கு. 'கிளிக்' என்றதும் கை நிற்க வேண்டும். இம்பாக்ட் கன்னால் கழற்றலாம், பூட்டக் கூடாது. டார்க் ரெஞ்ச் வாங்கியபோது பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்தார், கை சொல்லாததை இது சொல்லுமா என்று. கை நன்றாகவே சொல்லும். ஆனால் சாயங்காலம் களைத்த கை ஒன்று சொல்லும், போன வாரம் கசிந்த வண்டியை நினைத்துக்கொண்டிருக்கிற கை வேறொன்று சொல்லும். அந்த ரெஞ்ச் இரண்டையும் கேட்பதில்லை.

வண்டி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம்தான் இருக்கிறது. ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று, "வாஷர் புதுசு போடுதீங்களா?" என்று கேளுங்கள். பூட்டும்போது ஸ்பேனர் முனையில் பைப் சொருகினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் கோபம் வரும், வரட்டும். அடுத்த முறை அந்தப் போல்ட்டைக் கழற்றப்போவது வேறொருவராக இருக்கலாம்; கழலாமல் போனால் பணம் கொடுக்கப்போவது நீங்கள்.